திண்டிவனம் போன மூன்றடுக்குக் கேக்கு

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்,
1944 ஆகஸ்டு 16

திண்டிவனத்தில் மேசை நாற்காலி போட்டு உட்காரும் உத்தியோகத்தில் இருக்கிற என் உடன்பிறந்த தம்பி இருதயராஜுக்கு, விழுப்புரத்தில் அடுப்பின் முன்னால் நிற்கும் உத்தியோகத்தில் இருக்கிற அண்ணன் மாசிலாமணி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி சவுரியம்மாளும் சுகம். அங்கே நீயும் உன் சம்சாரம் லூர்துமேரியும் குழந்தை பிலோமினாவும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம். மூன்று நாளைக்கு முன்னால்தான் உங்கள் மூன்று பேரையும் உன் வீட்டுக் குசினிக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். சுகமாகத்தான் இருக்கிறீர்கள்.

போன மாதம் நீ எழுதிய கடிதம் இதோ என் மடியில் இருக்கிறது. "அண்ணா, பிலோமினாவுக்கு ஐந்து வயது நிறைகிறது, ஆபீசில் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், லூர்துமேரி மூன்றடுக்குக் கேக்கு வேண்டுமென்கிறாள், உன் கைதான் கை" என்று எழுதியிருந்தாய். அடியில் லூர்துமேரி பென்சிலால் படம் வேறு போட்டிருந்தாள். புதுச்சேரியில் பிறந்த பெண்ணல்லவா, சின்ன வயதில் யாரோ பிரெஞ்சுக்காரர் வீட்டு ஜன்னலில் அப்படியொன்றைப் பார்த்தாளாம், அதைத் தன் மகளுக்குச் செய்து பார்க்க வேண்டும் என்று இருபது வருஷமாக ஆசையாம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த உன் அண்ணி, "இன்னாங்க இது, கோயில் தேரா?" என்றாள். நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷம் ரயில்வே துரை வீட்டுக் குசினியில் கேக்கும் புடிங்கும் போட்டவன், துரை சீமைக்குக் கப்பலேறிய பிறகு ஐந்து வருஷமாக ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கிளப்பில் சாம்பார் கிளறிக்கொண்டிருக்கிறவன், அவனைப் பார்த்து "உன் கைதான் கை" என்று படித்த தம்பி எழுதினால் அவனுக்குத் தலை கால் புரியுமா? அந்தக் கடிதத்தைக் கிளப்பு முதலாளிக்குப் படித்துக் காட்டினேன், சாப்பிட வந்த இரண்டு லாரிக்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். அவ்வளவு பெரிய மடையன் நான்.

யுத்த காலத்தில் கேக்கு செய்வதென்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. ரேஷன் கார்டுக்குக் கொடுக்கிற சர்க்கரையில் என் வீட்டுக்கு வருவது ஒரு எறும்புக் குடும்பத்துக்குக்கூடக் காணாது. நான் வெட்கத்தை விட்டுத் தெருவில் இறங்கினேன். நம் தெருவில் பதினோரு வீடு, பதினோரு வீட்டிலும் சர்க்கரை கொடுத்தார்கள். எதிர்வீட்டு வீரம்மாள், மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளே, அவளுக்கென்று துணியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொட்டினாள். "நம்ம இருதயராஜு கொயந்தைக்கா? எட்டுக்கினு போண்ணா. அது பொறந்தப்போ நான்தான் வாயில சேனைத்தண்ணி வெச்சேன்" என்றாள். ரயில்பாதையில் கல் தட்டுகிற பூமாலை இருக்கிறானே, அவன் இரண்டு கைப்பிடி கொடுத்துவிட்டு, "எனக்கு ரோஜாப்பூ இருக்கிற துண்டு ஒண்ணு வெச்சிடுண்ணா, எங்கம்மாவுக்குக் காட்டணும்" என்று சொல்லி வைத்தான். எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தது என் வாயென்றாலும் உன்னை நம்பித்தான் கொடுத்தது.

மாவு கிடைத்தது, அதோடு வண்டும் கிடைத்தது. உன் அண்ணியின் கலியாணத்து மெல்லிய வாயில் துணிச் சேலையை மடித்துப் போட்டுச் சலித்தோம். சேலை போயிற்று, மாவு தேறிற்று. முட்டை பதினெட்டு, வளவனூர்ச் சந்தைக்கு நடந்து போய் வாங்கி வந்தேன், பஸ்ஸில் வந்தால் உடையுமே என்று திரும்பியும் நடந்தே வந்தேன். அடுப்பு என்ன அடுப்பு, மண்ணெண்ணெய் டின்னைப் பக்கவாட்டில் வெட்டி, உள்ளே மணல் பரப்பி, கீழே கரி, மேலே கரி. துரைசாணி விட்டுப்போன கேக்கு டின் இரண்டுதான் இருந்தது, மூன்றாவதைப் பிஸ்கோத்து டின்னை அறுத்துச் செய்தேன், கட்டை விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டேன். அடித்தட்டு கருகிற்று. காரணம், அந்த நேரம் பார்த்து உன் அண்ணி, "உங்க தம்பி வூட்டுக்கு என்னை ஏன் கூப்புடல?" என்று கேட்டாள், நான் உன் பக்கம் பேசப் போனேன், பேச்சு முற்றி அவள் அழுது முடிப்பதற்குள் புகை வந்துவிட்டது. கருகினதைச் சுரண்டி எடுத்தேன். நடுத்தட்டு நன்றாகப் பொங்கிற்று. மேல்தட்டு, தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தவன் வயிறு மாதிரி நடுவில் குழிந்துபோயிற்று, அதைக் கவிழ்த்துப் போட்டேன்.

ஐசிங்குக்குச் சர்க்கரையை மாவாகப் பொடிக்க வேண்டும். அம்மியில் பொடித்தோம். அம்மியை மூன்று தரம் கழுவினேன் என்று உன் அண்ணி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். முட்டை வெள்ளையும் எலுமிச்சைச் சாறும் விட்டு அடித்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது, லேசாக ரோஜா நிறம்கூடத் தட்டிற்று, ஆகா, சாயம் போடாமலே நிறம் வருகிறதே என்று நாக்கில் வைத்தேன். மிளகாய். முந்தின நாள் கருவாட்டுக் குழம்புக்கு அரைத்த மிளகாய் அம்மிக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. அந்தக் காரச் சர்க்கரையை நானும் அவளும் இரண்டு நாள் கேப்பைக் களிக்குத் தொட்டுக்கொண்டு கண்ணீர் விட்டோம். மறுபடி தெருவில் இறங்கினேன். பூமாலை என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, கேக்கு செய்றியா, கோட்டை கட்றியா?" என்றான். கேட்டுக்கொண்டே தன் காப்பிக்கு வைத்திருந்ததையும் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுக்குக்கு அடுக்கு தூண் வேண்டுமே, அதற்குத் தையற்காரரிடம் தீர்ந்துபோன நூல்கட்டைகளை வாங்கி ஐசிங் பூசி நிறுத்தினேன். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி முப்பத்திரண்டு ரோஜாப்பூ வைத்தேன். பீட்ரூட் சாறு சிவப்புக்கு, கீரைச் சாறு இலைக்கு. பெயர் எழுத இங்கிலீஷ் தெரியாதே, பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஒரு தாளில் ஒன்பது எழுத்து எழுதிக் கொடுத்தார், அதைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி வரைந்தேன். இரண்டாவது எழுத்து என்னத்துக்கு என்று கேட்டேன். "அது சத்தம் போடாது, சும்மா நிக்கும்" என்றார். சத்தம் போடாத எழுத்துக்குக்கூட உன் மகள் கேக்கில் முன்பக்கம் இடம் வைத்தேன், தம்பி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டுப் பாசஞ்சரில் ஏறினேன். மூன்று கூடை, மூன்று தட்டு. பட்டாளத்துக்காரர் கூட்டம், நிற்கவே இடமில்லை. மேல்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டேன், நடுத்தட்டை இடுப்பில், அடித்தட்டைக் காலிடுக்கில். விக்கிரவாண்டியில் ஒரு அம்மாள் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஏறி, அந்த மூட்டையை அடித்தட்டுக் கூடைமேல் வைக்கப் போனாள். "அதும்மேல வெக்காதம்மா, உள்ள உசுரு இருக்குது!" என்று கத்திவிட்டேன். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "உசுரா? இன்னா, கோயியா? ஏன் சத்தமே காணோம், செத்துடுச்சா பாரு" என்றாள். மயிலம் வரைக்கும் வண்டியிலுள்ள அத்தனை பேரும் என் கூடையில் செத்துப்போன கோழிக்காக வருத்தப்பட்டார்கள். பதினாலு ரோஜாப்பூ உதிர்ந்தது. அதற்கெல்லாம் நான் வருந்தவில்லை, மிச்ச ஐசிங் டப்பாவில் வைத்திருந்தேன்.

திண்டிவனம் ஸ்டேஷனில் நீ வந்து நிற்பாய் என்று பார்த்தேன். கூலியாள் ஒருவர் வந்தார். "விழுப்பரத்து குசினிக்காரரு நீதானா? பின்பக்கமா இட்டாரச் சொன்னாங்க" என்றார். கூட்டமாயிருக்கும், கேக்கு இடிபடக் கூடாதென்று என் தம்பி முன்யோசனையாகச் சொல்லியிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். பார், அப்போதும் உன் பக்கம்தான் பேசினேன்.

பின்பக்கக் கதவைத் திறந்தது லூர்துமேரி. என் முகத்தைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மாமா, கோச்சிக்காதீங்க. இவரு ஆபீசுல நம்ம குடும்பத்தப் பத்திக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லி வெச்சிருக்காரு. பிரமோஷன் வர்ற நேரம். இன்னிக்கு ஒரு நாளு நீங்க இங்கியே இருந்துக்கினீங்கன்னா…" அவள் முடிக்கவில்லை. நான்தான், "சரிம்மா, தண்ணி குடு" என்றேன். வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அப்போது எனக்குத் தெரியாது. நல்ல வேளை, அது தெரிவதற்கு முன்பே மூன்று தட்டையும் அடுக்கி, உதிர்ந்த பூவையெல்லாம் வைத்து முடித்துவிட்டேன். நீ உள்ளே வந்தாய், கேக்கைப் பார்த்தாய், உன் கண் விரிந்தது, "அண்ணா…" என்றாய், உடனே திரும்பிக் கூடத்தைப் பார்த்தாய், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று. நானும் பார்த்தேன். யாருக்கும் விழவில்லை.

கேக்கை நீயும் லூர்துமேரியும் தூக்கிக்கொண்டு போனீர்கள். கூடத்தில் கைதட்டினார்கள். நான் குசினியில் உட்கார்ந்து சத்தத்தை எண்ணினேன். அப்போது பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிலோமினா ஓடி வந்தாள். "பெரியப்பா! ஏன் இங்க குந்திக்கினு இருக்கீங்க? வாங்க, நான் உங்களுக்குத்தான் மொதல்ல ஊட்டுவேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பின்னாலேயே வந்த லூர்துமேரி குழந்தையின் வாயைப் பொத்தி, "இன்னிக்கு மட்டும் பெரியப்பான்னு கூப்புடாதம்மா" என்றாள். குழந்தை அந்தக் கையை விலக்கிவிட்டு என்னிடம் கேட்டாள்: "நாளைக்குக் கூப்புடலாமா?"

லூர்துமேரி அழுதுவிட்டாள், அதையும் எழுதத்தான் வேண்டும். அழுதுகொண்டே குழந்தையைத் தூக்கிப் போனாள். குழந்தைக்கு என்ன பதில் சொல்வதென்று உன்னைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நான்தான் பதில் எழுதாதே என்று மேலே எழுதிவிட்டேனே.

பிறகு உன் ஹெட் கிளார்க் தாண்டவராயன். சைவக்காரர். "முட்டை கிட்டை ஏதும் இல்லையே?" என்று அவர் கேட்டதும், "சேக்கலீங்க சார்" என்று நீ சொன்னதும் கதவு இடுக்கில் தெளிவாகக் கேட்டது. வளவனூரிலிருந்து நான் சுமந்து வந்த பதினெட்டு முட்டையும் அந்த ஒரு வார்த்தையில் மாயமாய் மறைந்தன. அவர் மூன்று துண்டு சாப்பிட்டார். "சைவப் பண்டம்னா இதான்யா பண்டம்! யாருய்யா செஞ்சது? கூப்புடு அந்த ஆள" என்றார். நீ வந்து என்னைக் கூப்பிட்டாய். "அண்ணா, ஜல்தியா வா, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடு, ஒண்ணும் பேஜாரு பண்ணிடாதே" என்றாய். நான் எப்போது உனக்குப் பேஜாரு பண்ணினேன்? நம் அம்மா செத்தபோது உனக்கு நான்கு வயது. துரைசாணி மேசையில் மிச்சம் வைத்த ரொட்டியைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தின்னக் கொடுத்து, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தோளில் தூக்கிப் போனதா பேஜாரு?

கூடத்துக்கு வந்து கைகட்டி நின்றேன். "எங்கப்பா பண்ணையில இருந்த பழைய ஆளுங்க சார்" என்று நீ சொன்னாய். ஹெட் கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்படியா! வளவனூர்ல பத்துக் காணி நஞ்சைன்னு இவரு சொல்லுவாரு. பெரியவரு எப்படிப்பா, நல்ல மனுஷரா?" என்றார்.

தம்பி, அப்போதுதான் எனக்கு அந்தப் பத்துக் காணி தெரிய வந்தது. அந்தப் பத்துக் காணி எதுவென்றும் தெரிந்தது. அதில் அப்பா ஏர் ஓட்டியிருக்கிறார், நாற்று நட்டிருக்கிறார், கதிர் அறுத்திருக்கிறார், கூலி நெல் குறைகிறதென்று ஒரு தரம் வாயைத் திறந்ததற்காகப் புளியமரத்தில் கட்டிவைத்து அடி வாங்கியிருக்கிறார். சொந்தம் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது, அதையும் நீ சேர்த்துவிட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். உன் உதடு காய்ந்திருந்தது. சின்ன வயதில் பாடம் ஒப்பிக்கத் தெரியாமல் வாத்தியார் முன்னால் நிற்பாயே, அதே முகம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் பிரமோஷன், நீ குடியிருக்கிற தெரு, உன் குழந்தை போகிற பள்ளிக்கூடம், எல்லாம் கேக்கு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்துவிடும். நான் சொன்னேன்: "ரொம்ப நல்லவருங்க எசமான். ஆளுங்க மேல கை வெக்கவே மாட்டாருங்க."

"பெரிய மனுஷன்!" என்றார் ஹெட் கிளார்க். "முட்டையில்லாம இது எப்படிய்யா இவ்ளோ பஞ்சா வந்துச்சு?" என்று வேறு கேட்டார். தயிர் விட்டுப் புளிக்கவைத்தேன் என்றேன். அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று. மேசையிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்து, வாழையிலைத் துணுக்கில் வைத்து, எட்டி நின்று என் கையில் போட்டார். "இந்தாப்பா, நீயும் சாப்புடு. இந்த மாதிரியெல்லாம் நீ எங்க சாப்புட்டிருக்கப் போற" என்றார். என் கேக்கு. என் கையில். தருமமாக. நான், "நல்லா இருங்க எசமான்" என்று கும்பிட்டேன். நீ ஜன்னல் கம்பியில் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்ப வந்தாய், மறுக்கவில்லை. இருபது அடி பின்னால் வந்தாய். நான் நின்றால் நீயும் நின்றாய், நான் திரும்பினால் நீ மேலே காக்காய் பார்த்தாய். எதிரே உன் ஆபீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்ததும் வெற்றிலைபாக்குக் கடையில் நுழைந்துகொண்டாய், உனக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. வண்டி புறப்பட்ட பிறகு பிளாட்பாரத்தின் கடைசியில் நின்று கையைக் கொஞ்சம் தூக்கினாய். அது எனக்கா, தலை சொறியவா என்று இன்றுவரை தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து இறங்கினேன். தெருவே வாசலில் நின்றது. ஹெட் கிளார்க் போட்ட ஒரு துண்டு, பதினோரு வீடு. சவுரியம்மாள் அதைக் கத்தியால் கீறினாள், ஆளுக்குச் சுண்டுவிரல் நகம் அளவு வந்தது. பூமாலைக்கு ரோஜாப்பூவின் ஒரு இதழ் கிடைத்தது. அவன் அதை உள்ளங்கையில் வைத்துத் தன் அம்மாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினான். "அங்க எல்லாரும் அள்ளி அள்ளித் துன்னுட்டாங்க, தட்டையே வயிச்சிட்டாங்க, மிஞ்சல" என்றேன். "உன்னை எங்க உக்கார வெச்சாங்கண்ணா?" என்று வீரம்மாள் கேட்டாள். முன்வரிசையில், ஹெட் கிளார்க் பக்கத்தில், நாற்காலியில் என்றேன். குழந்தை யாருக்கு முதலில் ஊட்டினாள் என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். தெரு பூராவும் சந்தோஷம்.

நேற்று மாதா திருநாள் ஆனதால் முந்தின சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எத்தனை பொய் என்று சாமியார் கேட்டார். திண்டிவனத்தில் இரண்டு, விழுப்புரத்தில் மூன்று என்றேன். யாருக்காக என்றார். சொன்னேன். பிறகு ஐந்து ஜெபமாலை சொல்லச் சொன்னார். இரண்டரையை நான் சொல்லிவிட்டேன், மிச்சம் இரண்டரை உன்னுடையது.

ஆகவே இருதயராஜ், இதனால் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், இனி உனக்கு அண்ணன் கிடையாது. வளவனூர்ப் பண்ணைக்காரருக்குப் பத்துக் காணி நிலமும் ஒரே பிள்ளையும் என்று தாராளமாகச் சொல்லிக்கொள். எனக்குக் கடிதம் போடாதே, நான் செத்தால் தந்தி வரும், அதற்கும் வராதே. வந்தால் எத்தனை அடி தள்ளி நிற்பதென்று நீ சங்கடப்பட வேண்டியிருக்கும்.

பிலோமினாவுக்கு என் ஆசீர்வாதம். அவள் நூறு பிறந்தநாள் காண வேண்டும், எல்லாவற்றுக்கும் அவள் இஷ்டப்பட்டவர்களைக் கூப்பிட வேண்டும். லூர்துமேரிக்கு என்மேல் வருத்தம் வேண்டாமென்று சொல். உனக்காகவும் வேண்டிக்கொள்ளலாமென்று முழங்காலிட்டேன், முழங்கால் வலித்தது, எழுந்துவிட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் அண்ணன்,
மாசிலாமணி

பின்குறிப்பு: இதை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க" என்றாள். கவரை ஒட்ட சோற்றுப்பருக்கை எடுத்துவந்தவள் கொஞ்சம் நின்று, "ஏங்க, தம்பி வூட்டுத் தபாலெல்லாம் வாடகை வாங்குற வூட்டுச் சொந்தக்காரருதானே வாங்கி வெக்கிறாரு? அவரு பிரிச்சிப் பாத்துட்டா? தம்பி கதி இன்னா ஆவும்?" என்றாள். அது எனக்குத் தோன்றவேயில்லை. எனவே இந்தக் கடிதத்தை அனுப்பவில்லை, நாளைக் காலை கிளப்பு அடுப்பில் சேர்த்துவிடுவேன். பதிலாக ஒரு தபால் கார்டு போடுகிறேன்: "சுகமாய் ஊர் வந்து சேர்ந்தேன். விசேஷம் நன்றாய் நடந்தது. தங்களைப் போலவே தங்கள் தகப்பனாரும் தருமவான். குழந்தைக்கு நீண்ட ஆயுசு உண்டாகட்டும்." அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் கார்டை "அன்புள்ள தம்பிக்கு" என்று ஆரம்பித்துத் தொலைத்துவிட்டேன். கார்டு எல்லோர் கண்ணிலும் படுகிற சாமானாயிற்றே. அந்த இரண்டு வார்த்தையையும் மை விட்டு நன்றாக அடித்துவிட்டு, மேலே "ஐயா அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறேன். வெயிலில் பிடித்தும் பார்த்தேன், கீழே என்ன இருந்ததென்று யாராலும் படிக்க முடியாது. நீ பயப்படாதே.